பனியன் துணி போத்தின பொட்டி

மத்திய சிறை,
9-2-2025

அம்மிணி பிரியாவுக்கு,

அண்ணன் வேல்குமார் எழுதறது. தரணீதரன் கிட்ட குடுத்து அனுப்பறேன். வக்கீலோட ஜூனியர்ங்கறதால அவன் ஃபைலை இங்க யாரும் நோண்டறதில்லை. நீயும் அவன் கிட்டயே பதில் குடு. தபால்ல போட்டீன்னா பிரிச்சுப் படிப்பானுங்க.

மனு போட்டுப் பாக்க அம்மா மட்டுந்தான் வருது. கம்பிக்கு அந்தப் பக்கம் நூறு பேர் கத்தற கத்துல நான் சொல்றது அதுக்குக் கேக்கறதில்லை. தலையை ஆட்டிட்டு, அழுதுட்டுப் போயிருது. நீ ஒரு தரம் வந்து எட்டிப் பாக்கலை. கூடப் பொறந்தவன் செத்துட்டான்னு முடிவு பண்ணீட்டியா?

சரி, போச்சாது. விசயத்துக்கு வாரேன். மார்ச் 27ஆம் தேதி உன்னைக் கூண்டுல ஏத்தறாங்க. போலீஸ்காரன் உன்ற பேரை அவன் பக்கத்துச் சாட்சியாப் போட்டிருக்கான். போடட்டும். நம்ம வக்கீல் குறுக்கு விசாரணை பண்ணும்போது நீ சொல்ல வேண்டியது ரெண்டே ரெண்டுதான். தீபாவளி லீவுல நம்ம குடோனுக்குக் காவல் இருந்த ராஜபாண்டி உள்ள உக்காந்து பீடி குடிச்சதைக் கண்ணால பாத்தேன்னு சொல்லு. தீயைப் பாத்ததும் அண்ணனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, என்ன பண்றோம்னு தெரியாமத்தான் அவனை அடிச்சாருன்னு சொல்லு. அவ்வளவுதான். இதைச் சொன்னீன்னா கொலைக் கேஸு கொறைஞ்சு அஞ்சாறு வருசத்துல வெளிய வந்தர்லாம்னு வக்கீல் சொல்றாரு. சொல்லலீன்னா ஆயுள்.

நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லலை. மெஷின் ஓடலை, ஆள் இல்லை, உள்ள துணியும் பஞ்சும் மட்டுந்தான். ஞாயித்துக்கிழமை மத்தியானம் அது தானாப் பத்திக்குமா? பீடி குடிக்கிறவன் அவன் ஒருத்தன்தானே இருந்தான்?

இங்க என்ற பிளாக்குல வீரணன்னு ஒருத்தன், மதுரைப் பக்கத்து ஆளு. பொழுது போகலீன்னா என்ற வாயைக் கிண்டுவான். நேத்து அவனுக்கு நம்ம டிவி கேம் கதையைச் சொன்னேன். தொண்ணூத்தேழுல அப்பா மெட்ராஸ்ல இருந்து வாங்கியாந்த மஞ்சக் கேசட் பொட்டி. அதுல ஆடினதைச் சேத்து வெக்க வழியே கெடையாது, கரண்டை அமத்தினா மொதல்ல இருந்து ஆடோணும். அதுக்கு நான் ஒரு வழி கண்டுபிடிச்சனே, ஞாபகம் இருக்குதா? ஆட்டத்தை நிறுத்திட்டு டிவியை மட்டும் அமத்தீருவோம். பொட்டி பாட்டுக்கு ஓடிட்டே கெடக்கும். மெஷினுக்குப் போத்தற மாதிரி மேல ஒரு பனியன் துணியைப் போத்தி வெச்சா கம்பெனியில பறக்கற பஞ்சும் ஏறாது. மூணு நாள் கெடந்தாலும் பொட்டி சில்லுன்னு இருக்கும்.

ஒருக்கா நீ போத்தாமத் தூங்கிட்டே. காத்தால பாத்தா கேசட் சொருகற ஓட்டை பூராவும் பஞ்சு. எட்டாவது ஸ்டேஜ் அப்படியே செத்துப் போச்சு. கையில புடிச்சு ஆடற பேடோட ஒயரை உருவி ஒரு வெளு வெளுத்தனே. அதுக்கப்பறம் ஒரு நாளாவது போத்த மறந்திருப்பியா நீ? நம்ம அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சதை எல்லாம் வீரணனுக்குச் சொன்னேன்.

27ஆம் தேதி சுடிதார் வேண்டாம், சேலை கட்டிட்டுப் போ. பயப்படாத. அண்ணன் எதிர்லதான் நிப்பேன்.

வேலு

*

ராயபுரம், திருப்பூர்
16-2-2025

அண்ணாவுக்கு,

பிரியா எழுதறனுங்க. உங்க லெட்டரை நாலு நாள் பிரிக்காம பீரோ மேலயே வெச்சிருந்தேன். அம்மாதான் படிச்சுச் சொல்லு, படிச்சுச் சொல்லுன்னு உசுரை எடுத்துருச்சு. அதுக்குப் பாதிதான் படிச்சுக் காட்டினேன்.

ஒயர்ல அடிச்சதைச் சொல்லிச் சிரிச்சோம்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அப்ப எட்டு வயசு, உங்களுக்குப் பதிமூணு. நான் சிரிக்கலீங்ண்ணா. நீங்கதான் சிரிச்சீங்க. ஒரு வாரம் மல்லாக்கப் படுக்க முடியாம குப்புறப் படுத்துத் தூங்கினேன். அப்பா கேட்டதுக்கு மாடிப்படியில விழுந்துட்டேன்னு சொல்லச் சொன்னீங்க, சொன்னேன்.

பொட்டியை வெச்சு வருசத்தை எண்ணறது எனக்கும் பழக்கந்தானுங்க. கேசட் பொட்டின்னா ஒயர். ரெண்டாயிரத்து ஒண்ணுல சிடி போடற பொட்டி வந்துச்சு, கூடவே மெமரி கார்டு வந்துச்சு. ஆடினதை அதுல சேத்து வெச்சுக்கலாம்னதும் எனக்குத் தலைகால் புரியலை. இனி நிறுத்தி வெக்க வேண்டாம், அடி வாங்க வேண்டாம்னு நெனச்சேன். கார் ரேஸ்ல உங்களை ஜெயிச்சேன்னு அந்தக் கார்டை அம்மிக்கல்லுல வெச்சு நசுக்கினீங்க. தடுக்க வந்த என் மேல பேடை வீசினீங்க. புருவத்துல மூணு தையல், இப்பவும் அந்த எடத்துல முடி முளைக்கறதில்லை.

அதுக்கடுத்த கறுப்புப் பொட்டியில சிநேகிதங்க முன்னால என்கிட்டத் தோத்தீங்க. பொட்டியை மாடியில இருந்து ரோட்டுல போட்டீங்க, பின்னாலயே என்னைப் படியில தள்ளினீங்க. அப்பறம் ஒயர் இல்லாத பேடு வந்துச்சு. ஒயர் ஒழிஞ்சுதுன்னு நான் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டேன்னா நம்புவீங்களா? உங்களுக்குக் கை இருந்துச்சு.

இதெல்லாம் எதுக்கு இப்பன்னு கேப்பீங்க. நீங்க எழுதினதுக்குப் பதில் சொல்லோணும்னுதான் ஆரம்பிச்சேன். எங்கயோ போயிட்டேன்.

ராஜபாண்டி அண்ணன் உள்ள பீடி குடிச்சதை நான் பாக்கலீங்க. ஒரு நாளும் பாத்ததில்லை. பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் கேட்டுக்கு வெளிய காலி நூல் கோனுக்குள்ள சொருகி வெச்சுட்டுத்தான் உள்ள வருவார். அப்பா போட்ட சட்டம் அது. அப்பா செத்து ஒம்பது வருசம் ஆகியும் அதை மீறாத ஆளு அவர் ஒருத்தர்தான்.

அன்னைக்கு நடந்தது உங்களுக்கு மறந்திருக்கலாம். அவர் பதினாலு துணி ரோலை வெளிய இழுத்துப் போட்டிருந்தார். ரெண்டு முன்னங்கையிலயும் தோல் கையுறை மாதிரி கழண்டு தொங்குச்சு. பதினஞ்சாவது ரோலைத் தோள்ல வெச்சுட்டு இருமிக்கிட்டே வெளிய வரும்போதுதான் நீங்க பைக்கை நிறுத்தினீங்க. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கலை. செவுத்துல சாத்தியிருந்த இரும்பு ராடை எடுத்தீங்க. மொத அடி முழங்கால்ல. விழுந்தவரைத் தலையில அடிச்சீங்க. எவண்டா தீ வெச்சது, எவண்டா தீ வெச்சதுன்னு அடிக்கு ஒருக்கா கேட்டீங்க. அவர் வாயையே தெறக்கலை. ஏழு வரைக்கும் எண்ணினேன். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தார், கண்ணே முழிக்கலை.

ஜாமீன்ல வந்தப்ப சும்மா இருந்திருக்கலாம். அவர் சம்சாரம் முத்துப்பேச்சியோட லைன் வீட்டுக்குப் போயிக் கதவை ஒதைச்சு, தீ வெச்சவன் பொண்டாட்டின்னு தெருவே கேக்கக் கத்தினீங்க. ஜாமீன் போச்சு. ஆனா அந்தப் பேர் நின்னுபோச்சு. எந்தக் கம்பெனி கேட்டுக்குப் போனாலும், நீதானே அவன் பொண்டாட்டின்னு திருப்பி அனுப்பறாங்க. அவங்க புள்ளை வினிதாவைப் பள்ளிக்கூடத்துல தீப்பெட்டின்னு கூப்பிடறாங்களாம்.

என்னால பொய் சொல்ல முடியாதுங்ண்ணா. கோவிச்சுக்காதீங்க.

பிரியா

*

மத்திய சிறை,
23-2-2025

பிரியா,

யாருக்கு எழுதறோம்னு தெரிஞ்சுதான் எழுதினியா? முத்துப்பேச்சிக்கு வேலை கெடைக்கலையாம், அவ புள்ளைக்குப் பட்டப் பேராம். உன்ற அண்ணன் இங்க கக்கூசுக்குப் பக்கத்துல படுத்துக் கெடக்கறான். அது உன்ற கண்ணுக்குத் தெரியலை. புருசன் ஊட்டுல இருந்து வெரட்டி விட்டப்ப உன்னைக் கூட்டியாந்து சோறு போட்டவன் எவன்? முத்துப்பேச்சியா போட்டா?

அடிச்சேன் அடிச்சேங்கறே. ஊருல எந்த அண்ணன்டி தங்கச்சியை அடிக்காம வளத்தான்? இந்த பிளாக்குல கேட்டுப் பாரு.

நேத்து ஒருத்தன் என்ற தட்டை ஒதைச்சான். அவன் முன்பல்லு ரெண்டு இப்ப அவன் வாயில இல்லை. இப்பவும் என்ற கையில தெம்பு இருக்குதுன்னு தெரிஞ்சுக்கோ.

பீடி இல்லைங்கறே. சரி. அவன் வெக்கலீன்னா வேற எவன் வெச்சான்? உனக்குத் தெரியும். தெரியாமயா இத்தனை உறுதியா எழுதறே? பேரைச் சொல்லு. வெளிய எனக்கு ஆள் இருக்குது. 27ஆம் தேதிக்குள்ள அவனை இழுத்துட்டு வந்து, நாந்தான் வெச்சேன்னு சொல்ல வெக்கறேன். சொல்லலீன்னா கை காலை எடுத்துருவானுங்க.

பேரை மட்டும் எழுது.

வேலு

*

ராயபுரம்,
9-3-2025

அண்ணாவுக்கு,

பேர் கேட்டீங்க. சத்யப்பிரியா. என்ற பேர்தான்.

இதை எழுதிட்டுப் பேனாவை வெச்சுட்டேன். ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வந்து இப்பத்தான் மேல எழுதறேன். பதினஞ்சு மாசமா தொண்டையில கெடந்தது இதுதான்.

அம்மாவுக்கு ஊட்டுக்குள்ள கேம் பொட்டி ஆகாதுன்னு என்றதைக் குடோன்ல, ரோல் அடுக்குக்குப் பின்னால வெச்சிருந்தேன், உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் ஆடிட்டு இருந்தேன். அந்த ஸ்டேஜை முழுசா முடிச்சாத்தான் சேத்து வெக்கும், நடுவுல சேக்காது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டுச்சு. கை தானாப் போச்சு. ஆட்டத்தை நிறுத்தினேன், டிவியை மட்டும் அமத்தினேன். கட்டிங் டேபிள்ல இருந்து ஒரு பனியன் துணியை எடுத்து நாலா மடிச்சுப் பொட்டி மேல போத்தினேன். பக்கத்துல இருந்த பிளக் போர்டையும் சேத்துத்தான் போத்தினேன்.

கேசட் பொட்டி சில்லுன்னு இருக்கும்னு எழுதியிருந்தீங்களே, அது நெசந்தான். அதுல சூடாகறதுக்கு ஒண்ணுமே கெடையாது. இப்ப வர்ற பொட்டி அப்படி இல்லீங்ண்ணா. உள்ள ஃபேன் சுத்துது, பின்னால கை வெச்சாக் கொதிக்குது. காத்து வந்து போனாத்தான் அதுக்கு உசுரு. அதெல்லாம் எனக்குத் தெரியும். பொட்டியோட வந்த தாளைப் படிச்சவதான் நான். ஆனா போத்தாம எந்திரிச்சு வர என்னால முடியலை. இருபத்தாறு வருசமா ஒரு தரம் கூட முடிஞ்சதில்லை. போத்தாம நாலு எட்டு வெச்சா முதுகு எரியும். அதான் நெசம், வேற மாதிரி சொல்லத் தெரியலை.

ஞாயித்துக்கிழமை சத்தம் கேட்டு ஓடி வந்தேன். ராஜபாண்டி அண்ணன் ரோல் அடுக்குக்குப் பின்னால இருந்து அந்தப் பொட்டியைத்தான் மொதல்ல தூக்கிட்டு வந்தார். பிளாஸ்டிக் உருகி அவர் கையோட ஒட்டிக்கிச்சு. துணி அதுமேல கரியா இருந்துச்சு. என்னைப் பாத்தார், பொட்டியைப் பாத்தார். நேராப் போயிப் பின்னால சாக்கடையில வீசிட்டு வந்து, "மொதலாளி வந்தா ஒண்ணும் சொல்லாத பாப்பா, உன்னக் கொன்னுருவாரு"ன்னார். அப்பறந்தான் ரோலை இழுக்க உள்ள போனார்.

நீங்க அவரை அடிச்சப்ப ஒவ்வொரு தரமும் எவண்டான்னு கேட்டீங்க. அவர் தரையில கெடந்துட்டு என்னையத்தான் பாத்தார். நான் நிமிந்து நாந்தாண்ணான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ராடு நின்னிருக்கும். என் பக்கம் திரும்பியிருக்கும். அந்தப் பயத்துல நான் தரையைப் பாத்துட்டு நின்னேன். அன்னைக்கு சாயங்காலம் போலீஸ்ல கேட்டப்ப தீ எப்படிப் புடிச்சுதுன்னு தெரியாதுன்னு சொன்னேன். அந்த ஆளோட சாவுல உங்களுக்குப் பாதின்னா எனக்குப் பாதி. சோறு எறங்கறதில்லீங்ண்ணா.

27ஆம் தேதி இதைத்தான் சொல்லப் போறேன். உங்களுக்கு ஆயுள் ஆனாலும் இதைத்தான் சொல்லுவேன். செத்தவருக்கு மிச்சம் இருக்கறது பேர் ஒண்ணுதான். அதையும் நம்ம எடுத்துக்கக் கூடாது.

பிரியா

*

மத்திய சிறை,
14-3-2025

பிரியா,

உன்ற லெட்டரை மூணு தரம் படிச்சேன். கிழிச்சுத் தின்னுட்டேன். நெசமாத்தான் சொல்றேன், மென்னு முழுங்கினேன். தரணீதரன் கண்ணுல கூடப் படக்கூடாதுன்னு.

ஏண்டி, நான் ஒருத்தனை அடிச்சுக் கொன்னுட்டு அவன் தப்புப் பண்ணினவன்னு நெனச்சுத்தான் இத்தனை நாள் தூங்கினேன். அந்தத் தூக்கத்தையும் எடுத்துட்டே. அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன? ரெண்டு அடி அடிச்சிருப்பேன், நாலு அடி அடிச்சிருப்பேன், செத்தா போயிருப்பே? அவன் செத்தான். நான் இங்க வந்தேன். நீ ஊட்டுல உக்காந்து சோறு எறங்கலைன்னு அழுவறே.

இப்ப கேட்டுக்கோ. பொட்டி கதையை வாயைத் தெறந்து எவன் கிட்டயும் சொல்லக் கூடாது. பொட்டி சாக்கடையோட போச்சு. செத்தவன் வந்து சொல்லப் போறதில்லை. நான் முன்ன எழுதின மாதிரியே பீடின்னு சொல்லு. கூண்டுல நின்னு அந்தப் பனியன் துணி கதையை எடுத்தீன்னா, பரோல்ல ஒரு நாள் விட்டாப் போதும். அன்னைக்கு அடி ஆள் மாறி விழுந்துருச்சு. சரியான ஆள் மேல விழ வெக்க எனக்கு ஒரு நாள் போதும். ராடு தேட மாட்டேன், பழைய பேடு ஒயர் ஒண்ணு பரண் மேல கெடக்கும். கழுத்துக்கு அது பத்தும்.

பெத்த அம்மா முன்னாலயே செய்வேன். என்னைத் தெரியுமில்ல.

வேலு

*

ராயபுரம்,
6-4-2025

அண்ணாவுக்கு,

இதுதான் நான் உங்களுக்கு எழுதற கடைசி லெட்டர். தரணீதரன் கிட்ட குடுக்கலை, தபால்லதான் போடறேன். யார் வேணா பிரிச்சுப் படிக்கட்டும். இனி அவன் வர மாட்டான்னு நெனைக்கறேன். லெட்டர் கொண்டாந்து குடுத்ததுக்கு அவன் மேல விசாரணை வரும்னு சொன்னாங்க. பாவந்தான், ஆனா வேற வழி தெரியலை.

கோர்ட்டுல நடந்ததை நீங்களே பாத்தீங்க. சேலைதான் கட்டிட்டு வந்தேன், அது நீங்க சொன்னதுக்காக இல்லை. முதுகுல இருக்கற ஒயர்த் தழும்பு தெரியோணும்னு. நம்ம வக்கீல் கேட்டாரே, "ஏம்மா, கரண்ட்ல ஓடற பொட்டி மேல எவனாவது துணி போத்துவானா? அண்ணன் மேல இருக்கற கோவத்துல கதை கட்டறியா?"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. இந்த ஊருக்கு வெளிய இருக்கறவங்களுக்கு அது சிரிப்பாத்தான் இருக்கும். நான் வாயால சொல்லியிருந்தா ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டாங்க. அதுக்குத்தான் அரசு வக்கீல் எந்திரிச்சு உங்க மொத லெட்டரை வாசிச்சார். மெஷினுக்குப் போத்தற மாதிரி பனியன் துணியைப் போத்தி வெச்சா பஞ்சு ஏறாதுன்னு உங்க கையெழுத்துலயே இருந்துச்சு. போத்தாம விட்டதுக்கு வெளுத்தேன்னும் உங்க கையெழுத்துலயே இருந்துச்சு. சொல்லிக் குடுத்ததும் நீங்க, மறக்காம இருக்க அடிச்சதும் நீங்க. அதுக்கப்பறம் யாரும் சிரிக்கலை. நீங்களும் கூண்டுக் கம்பியைப் புடிச்சுட்டுத் தலையைக் குனிஞ்சுட்டீங்க.

மூணு லெட்டரையும் குடுத்துட்டேன். பீடின்னு சொல்லச் சொன்னது, கை காலை எடுக்கச் சொன்னது, கழுத்துக்கு ஒயர் பத்தும்னு எழுதினது, எல்லாம் இப்ப கோர்ட்டுல இருக்குது. பரோல் கேட்டீங்கன்னா அதையும் சேத்துப் படிப்பாங்களாம். தீக்கு நான் காரணம்னு என் மேலயும் கேஸ் வரலாம்னாங்க. வரட்டும்.

மறுநாள் முத்துப்பேச்சி வீட்டுக்குப் போனேன். கதவுல உங்க செருப்புத் தடம் இன்னும் இருக்குது. நடந்ததை எல்லாம் சொன்னேன், சாக்கடையில பொட்டியைப் போட்டுட்டு வந்து அவர் என்கிட்ட என்ன சொன்னார்ங்கறதையும் சொன்னேன். அதுவரைக்கும் சும்மா கேட்டுட்டு இருந்தவங்க எந்திரிச்சுப் பளார்னு ஒண்ணு விட்டாங்க. காது அடைச்சுப் போச்சு. எட்டு வயசுல இருந்து எத்தனையோ வாங்கியிருக்கேன், எனக்குன்னு நியாயமா விழுந்த அடி அது ஒண்ணுதான். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா எம் புருசன் இருந்திருப்பாருல்ல"ன்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன். அப்பறம் வினிதாவைக் கூப்பிட்டு, "உங்கப்பா தீ வெக்கல, இந்தா இந்தப் பொம்பளையே சொல்லுது, கேட்டுக்க"ன்னாங்க. அந்தப் புள்ளை கிட்ட நான் இன்னொருக்கா முழுசாச் சொன்னேன். அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கும் வந்து சொல்லோணும்னு கேட்டுச்சு. போய் வகுப்புல நின்னு சொன்னேன்.

பரண் மேல இருந்த பழைய பேடு ஒயரை எல்லாம் அம்மா எடுத்து நறுக்கிக் குப்பையில போட்டுருச்சு. நான் சொல்லலை, அதுவாச் செஞ்சுது. கோர்ட்டுல குடுக்கறதுக்கு முன்னாலயே உங்க லெட்டரை எல்லாம் அதுக்கு முழுசாப் படிச்சுக் காட்டிட்டேன். மனுவுக்கு இனி வருமான்னு கேட்டதுக்கு எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருச்சு.

கேக்க மாட்டீங்க, ஆனாலும் சொல்றேன். போன வாரம் புதுசா ஒரு பொட்டி வாங்கினேன். குடோன்ல இல்லை, ஊட்டு முன்னறையிலயே வெச்சிருக்கேன். எப்பவும் நீங்களே வெச்சிருந்த ஒண்ணாம் நம்பர் பேடு இப்ப என் கையில. பக்கத்து ஊட்டுல மெஷின் ஓடறதால பொட்டி மேல பஞ்சு வந்து படியுது. ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஊதி விடறேன். மொத மூணு நாள் போத்தாம எந்திரிச்சப்ப முதுகு எரிஞ்சுது. நாலாவது நாள் எரியலை.

பிரியா